கையிலிருக்கிறது பாடம்



மாலைப் பூசை முடிந்து கோவில் விளக்குகளை அணைக்கும் நேரத்தில் நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். தையல் இயந்திரம் ஒன்றை நம்பிப் பிழைப்பவர் அவர், கணவர் கொத்தனார். "சாமி, டாக்டருக்குப் படிக்கிற என் மகள் பெட்டியும் படுக்கையுமாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிக் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்கிறாள். நீங்கள்தான் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்" என்று கூறிச் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக் கொண்டார்.

அந்தப் பெண்ணை நாம் இப்பங்கிற்கு வந்த நாள் முதல் அறிவோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கித் தமிழக அரசு 2020ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியதன்றோ? அவ்வாறு ஒதுக்கப்பட்ட இடங்களுள் ஒன்றைப் பெற்றவள். அச்செய்தி வந்த ஞாயிறன்று தெருவே அவ்வீட்டு வாசலில் கூடி நின்றது. அத்தனை பேர் மகிழ்ந்த படிப்பை விட்டுவிட்டு ஒரு பெண் பெட்டியோடு திரும்பி வருகிறாள் எனில், அவள் உள்ளத்தில் எத்துணைப் பாரம் இருந்திருக்க வேண்டும்!

மறுநாள் அவள் வந்தாள். கையில் தடித்த புத்தகம் ஒன்றும், பக்கங்கள் நிறைய எழுதிய குறிப்பேடு ஒன்றும் இருந்தன. "ஃபாதர், அனாட்டமியில் முதல் தேர்விலேயே தோற்றுவிட்டேன். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படித்தேன். படித்தது எதுவும் மனத்தில் நிற்கவில்லை. எனக்கு இந்தப் படிப்பு வராது" என்றாள்.

நம் வாசகர்களுள் பலர் இப்படிப்பைப் பற்றி அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே சிறிது விளக்குவோம். மருத்துவ மாணவர் முதலாண்டில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று பெரும் பாடங்களைக் கற்கின்றனர். இவற்றுள் உடற்கூற்றியலே அனாட்டமி எனப்படுவது. இவள் கல்லூரியில் அது கையிலிருந்து தொடங்கியது. தோள் முதல் விரல் நுனி வரையிலான பகுதியை 'அப்பர் லிம்ப்' என்பர். பார்ப்பதற்கு ஒரு கைதான். ஆனால் அதனுள் எத்தனை செல்வம்! தோளில் காறையெலும்பு ஒன்று, தோள்பட்டை எலும்பு ஒன்று, மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. ஆக, ஒரு கைக்கு 32 எலும்புகள். உடல் முழுவதற்கும் 206 எலும்புகளே உள்ளன. அவற்றுள் 64 இரு கைகளுக்கே உரியவை.

எலும்புகளோடு முடிவதில்லை. ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பால் இயங்குகிறது, என்ன வேலை செய்கிறது என்ற நான்கையும் சொல்ல வேண்டும். கழுத்தின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் மூன்று தண்டுகளாகக் கூடி, ஆறு கிளைகளாகப் பிரிந்து, மீண்டும் மூன்று வடங்களாக இணைந்து, இறுதியில் ஐந்து பெரு நரம்புகளாகக் கைக்குள் இறங்குகின்றன. 'பிரேக்கியல் பிளெக்சஸ்' எனப்படும் இந்தப் பின்னலைக் கண்டு கலங்காத மருத்துவ மாணவர் அரியர். தேர்வோ இன்னும் கடினம். அறுத்து வைக்கப்பட்ட உறுப்புகளில் சிறு கொடி குத்தி வரிசையாக வைத்திருப்பார்கள். கொடி நிற்கும் இடத்தின் பெயரை எழுதி, மணி அடித்தவுடன் அடுத்ததற்கு நகர வேண்டும். பின்னர் ஆசிரியர் ஓர் எலும்பைக் கையில் கொடுத்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்.

நாம் அவள் குறிப்பேட்டைத் திறந்து ஒரு தசையின் பெயரைக் கேட்டோம். நான்கு விவரங்களையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். "நன்று. அது உன் கையில் எங்கே இருக்கிறது? தொட்டுக் காட்டு, அம்மா" என்றோம். அவள் தன் கையைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். நோயின் இடம் நமக்கு அப்போதே புலப்பட்டது.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். ஆயினும் குருமடத்தில் சிறிது இலத்தீன் கற்றோம். அது இங்கே உதவும் என்று கனவிலும் கருதியதில்லை. அவள் மந்திரம் போல் மனப்பாடம் செய்திருந்த பெயர்களில் பல எளிய இலத்தீன் சொற்களே. 'எக்ஸ்டென்சார் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ்' என்பது அச்சம் தரும் பெயர். பிரித்துப் பார்த்தால், மணிக்கட்டை நிமிர்த்துவது, ரேடியஸ் எலும்பின் பக்கம் இருப்பது, நீளமானது என்பதே பொருள். 'லாங்கஸ்' என்று ஒன்று இருப்பின் 'பிரெவிஸ்' எனக் குட்டையான தம்பி ஒருவனும் அருகில் இருப்பான். 'பாலிசிஸ்' என வந்தால் கட்டைவிரலின் உறவு. 'டிஜிட்டி மினிமி' என வந்தால் சுண்டுவிரலுக்கு உரியது. 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால். தமிழிலும் அதனை ஆரை எலும்பு என்றே நம் அறிஞர் அழைத்தனர். காறையெலும்பின் இலத்தீன் பெயருக்குச் சிறு சாவி என்று பொருள். மணிக்கட்டின் சிற்றெலும்புகளுள் ஒன்று படகு, ஒன்று பிறை, ஒன்று பட்டாணி, ஒன்று கொக்கி. ஊரும் தெருவும் தொழிலும் எழுதிய அஞ்சல் முகவரி போன்றவை இப்பெயர்கள். முகவரியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வீட்டைக் கண்டுபிடிப்பது அரிதன்று.

அவள் முகத்தில் சிறு வெளிச்சம் தெரிந்தது. "தமிழ் வழியில் படித்ததால்தான் எனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன், ஃபாதர்" என்றாள். ஆங்கில வழியில் படித்தவர்க்கும் இப்பெயர்கள் அந்நியமே என்று சொன்னோம். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தி, பின்னாளில் தமிழ் மொழியிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் கொணர்ந்தார். தமிழில் சிந்திப்பவர்க்கு இக்கல்வி எட்டாது என்பது உண்மையாயின், அவரிடம் கற்றவர்கள் எப்படி மருத்துவர் ஆயினர்?

பிறகு அவள் கையையே பாடமாக்கினோம். உண்மையில் அவளே ஆசிரியை, நாம் மாணவர். முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை மெல்லத் தட்டச் சொன்னோம். சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்றது. "அல்நார் நரம்பு!" என்றாள். சுவரில் இடித்துக்கொண்டு நாமெல்லோரும் துடித்த அதே இடம். அடுத்து, திருகாணியை முறுக்குவது போல் வலக்கையைத் திருப்பி, இடக்கையால் மேற்கைத் தசையைப் பற்றிப் பார்த்தாள். 'பைசெப்ஸ்' முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது என்று பத்து முறை எழுதியிருந்தவள், அது விரல்களுக்கடியில் திரண்டு எழுவதை அன்றுதான் உணர்ந்தாள்.

ஓவியர் ரெம்பிராண்ட் 1632ஆம் ஆண்டில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை அவளுக்குக் காட்டினோம். ஆம்ஸ்டர்டாம் நகரில் டாக்டர் துல்ப் என்பவர் உடற்கூற்றியல் கற்பிக்கும் காட்சி அது. இறந்தவரின் முன்கை திறக்கப்பட்டிருக்கிறது. விரல்களை மடக்கும் தசைகளை மருத்துவர் வலக்கையிலுள்ள இடுக்கியால் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய இடக்கையோ, அத்தசைகளின் வேலையைத் தன் விரல்களாலேயே செய்து காட்டுவது போல் உயர்ந்திருக்கிறது. இறந்த கையில் இருப்பிடம், உயிருள்ள கையில் இயக்கம். இரண்டையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்பதே அப்படம் சொல்லும் பாடம்.

ஓவியத்தை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தவள் திடீரென அழுதாள். "ஃபாதர், ஓர் உண்மையை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அறையில் நான் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் நிற்பேன். முதல் நாள் எங்கள் மேசையில் இருந்த உடலின் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. அப்பா கை மாதிரியே இருந்தது. அதன்பின் என்னால் தொடவே முடியவில்லை" என்றாள்.

அன்பர்களே, தோல்வியின் வேர் இங்கே இருந்தது. தொடாமல் கற்றாள், ஆகவே புத்தகம் ஒன்றே துணையாயிற்று. சோம்பல் என்றும் திறமைக் குறைவு என்றும் நாம் எண்ணிக் கொள்ளும் எத்தனையோ தோல்விகளுக்கு அடியில் இப்படிப்பட்ட பாசம் ஒன்று மறைந்திருக்கக் கூடும்.

நாம் சற்று மௌனமாக இருந்துவிட்டுச் சொன்னோம்: "மகளே, அந்த மனிதர் காலமெல்லாம் கையால் உழைத்தவர். இறந்த பின்பும் அதே கையால் உழைக்கிறார். உனக்கும் உன் தோழர்க்கும் பாடம் சொல்லித் தருகிறார். நீ தொடாமல் விலகி நின்றால் அவருடைய கடைசி வேலை வீணாகும். உன் தந்தையின் கையைத் தொடும் அதே மரியாதையோடு அதைத் தொடு." பல கல்லூரிகளில் மாணவர் முதல் நாளன்று அவ்வுடலின் முன் நின்று, மரியாதை தவறாது நடப்போம் என்று உறுதிமொழி எடுக்கின்றனர். பெயர் அறியாத அந்த முதல் ஆசிரியருக்காக நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அவள் பெயரால் ஒரு பூசை ஒப்புக்கொடுப்பதாக வாக்களித்தோம்.

"இவ்வளவு படித்து யாருக்கு என்ன பயன், ஃபாதர்?" என்றும் கேட்டாள். அதற்கு மறுமொழி நம் நாட்டிலேயே, வேலூரிலேயே இருக்கிறது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோயால் கைகள் நகம்போல் வளைந்து, கஞ்சிக் கிண்ணத்தையும் பற்ற இயலாத மக்களைக் கண்டார். தொழுநோய் முழங்கையருகே அல்நார் நரம்பைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன; விரல்கள் மடங்கிப் போகின்றன. ஆனால் முன்கையில் பல தசைகள் நல்ல வலுவோடு எஞ்சியிருப்பதை அவர் கவனித்தார். அவற்றுள் ஒன்றின் தசைநாணை எடுத்து வேறு பாதையில் செலுத்தி, விரல்களோடு பிணைத்தால் என்ன? 1940களின் பிற்பகுதியில் அவரும் உடனுழைத்தவர்களும் அத்தகைய அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். விரல்கள் மீண்டும் நிமிர்ந்தன. கைகள் மீண்டும் உழைத்தன. எந்த நரம்பு எந்தத் தசையை இயக்குகிறது என்ற பட்டியல் அவர் நெஞ்சில் தெளிவாக இல்லாதிருப்பின், எதை எடுத்து எங்கே பொருத்துவதென்று எவ்வாறு அறிந்திருப்பார்? இவள் மனப்பாடம் செய்ய இயலாது அழுத அதே பட்டியல்தான் அது. பால் பிராண்ட் 2003ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் முறையைப் பின்பற்றிய அறுவை மருத்துவர் பல நாடுகளில் உள்ளனர்.

மூன்றாம் நாள் அவள் ஓடோடி வந்தாள். நடந்தது இதுவே. முந்திய இரவு தாய் உறக்கத்திலிருந்து எழுந்து கையை உதறிக் கொண்டிருந்தாராம். "விரலெல்லாம் மரத்துப் போகிறது, தைக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்றாராம். மகள் கேட்டாள்: "எந்த விரல் அம்மா? சுண்டுவிரலுமா?" தாய் யோசித்துப் பார்த்து, "இல்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டும்தான்" என்றார். மகளுக்கு மெய் சிலிர்த்தது. மணிக்கட்டின் முன்புறம் எலும்புகளாலும் வலிய பட்டை ஒன்றாலும் ஆகிய குறுகிய வழி ஒன்று உண்டு. அதனுள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. இடம் சுருங்கினால் நரம்பு நசுங்கும். அந்நரம்புக்குரிய விரல்கள் மரத்துப் போகும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. ஆகவே அது தப்பிக்கிறது. உள்ளங்கையின் நடுத் தோலுக்குச் செல்லும் கிளை அவ்வழிக்குள் நுழையுமுன்பே பிரிந்துவிடுவதால் அங்கும் மரப்பு இருப்பதில்லை. தாயின் உள்ளங்கையைத் தடவிக் கேட்டாள். அங்கே உணர்ச்சி சரியாகவே இருந்தது.

"ஃபாதர், தேர்வில் இதே கேள்விக்குத்தான் நான் தவறாக எழுதினேன். இனி ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன்" என்றாள். தாயை அவளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, அவள் ஐயம் சரியே என்று கூறி, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் பெட்டி மீண்டும் கல்லூரிக்குப் புறப்பட்டது.

மறுதேர்வுக்கு அவள் படித்த முறையை, இப்படிப்பில் உள்ள நம் பங்குப் பிள்ளைகள் அனைவரின் பயன் கருதி இங்கே தருகிறோம். நரம்புப் பின்னலை நாள்தோறும் காலையில் புத்தகம் பாராமல் ஒருமுறை வரைந்தாள். பிழையை மட்டும் சிவப்பு மையால் திருத்தினாள். ஒவ்வொரு நரம்புக்கும் மூன்றே கேள்விகள் கேட்டாள்: எங்கே இது அடிபடும்? அடிபட்டால் எந்த அசைவு போகும்? எந்த இடத்துத் தோல் மரக்கும்? ஒவ்வொரு தசையையும் தன் கையில் தொட்டு, அதன் வேலையைச் செய்து பார்த்த பின்பே பெயரை எழுதினாள். இன்று படித்ததை நாளையும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்பச் சொன்னாள். தொலைபேசியில் தம்பிக்குத் தமிழில் விளக்கினாள். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்படி சொல்ல இயலாத இடமே தனக்கும் புரியாத இடம் என்று கண்டுகொண்டாள். இரவு பதினொரு மணிக்குப் படுத்தாள். அறையில் இப்போது மேசையருகே, முன்வரிசையில் நின்றாள்.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் மேற்கை எலும்பைக் கொடுத்து, "இது நடுவில் முறிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாராம். எலும்பின் பின்புறத்தைச் சுற்றி இறங்கும் ரேடியல் நரம்பின் பள்ளத்தை விரலால் காட்டி, தன் மணிக்கட்டைத் தொங்கவிட்டு, "கை இப்படி விழுந்துவிடும், சார்" என்றாளாம். ஆசிரியர் புன்னகைத்தாராம். அவள் முதல் மதிப்பெண் பெறவில்லை, தேறினாள். அது போதும். கால் முதல் தலை வரை இன்னும் எத்தனையோ தேர்வுகள் அவளுக்குக் காத்திருக்கின்றன.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். மருத்துவமோ பொறியியலோ, தொலைவில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, "எத்தனை மார்க்கு?" என்பது நம் முதற் கேள்வியாக இருக்க வேண்டாம். "இன்று என்ன படித்தாய்? எனக்கும் கொஞ்சம் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள். ஊரார் கூடி வாழ்த்திய வாசலுக்குத் தோல்வியோடு திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதை அப்பிள்ளைகள் மட்டுமே அறிவர். அந்த வாசல் அவர்களுக்கு எந்நாளும் திறந்திருக்கிறது என்று அவர்கள் நம்ப வேண்டும். இத்தாய் அன்று மகளை ஏசியிருந்தால், அவள் தன் உள்ளத்தைத் திறந்திருப்பாளோ?

சென்ற வாரம் அக்கொத்தனாரைக் கோவில் மதில் வேலையில் கண்டோம். மகள் விடுமுறைக்கு வந்தபோது தம் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எலும்பாக எண்ணிப் பெயர் சொன்னதைப் பெருமையோடு கூறினார். "முப்பத்திரண்டாம் சாமி! இத்தனை நாளாய் இந்தக் கையில்தான் சிமெண்டு பூசினேன், எனக்கே தெரியவில்லை" என்று சொல்லித் தம் காய்த்துப் போன உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டார்.

உழைக்கும் கைகளையும், அவற்றைக் குணமாக்கக் கற்கும் கைகளையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.